போட்டி உண்டு, சீசன் எப்போது?

மே மாதம் தேனி மாவட்டத்தில் மாம்பழ வாசனையோடு சேர்ந்தே வருவது கூடைப்பந்து. பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியப் போட்டி அறுபது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. பி.டி. சிதம்பர சூர்யநாராயணன் நினைவு சுழற்கோப்பைக்கான போட்டி அது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, ராணுவம், விமானப்படை, கேரள போலீஸ், கேரள மின்வாரியம் என்று நாட்டின் முன்னணி அணிகள் ஆடிய கோர்ட். இந்திய அணிக்கு ஆடியவர்களை மின்னொளியில், பத்தடி தூரத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். எனக்குப் போடியிலிருந்து தேனிக்கு ஒரு பஸ், தேனியிலிருந்து பெரியகுளத்துக்கு இன்னொரு பஸ், அவ்வளவுதான் செலவு.

போடியில் ஏலக்காய் டெப்போ ஒன்றில் கணக்கு எழுதுவது என் வேலை. கல்லூரி அணியில் பாயின்ட் கார்டாக ஆடினேன். இப்போது மாவட்டத்தில் பள்ளி, கல்லூரி ஆட்டங்கள் நடந்தால் ஸ்கோர் ஷீட் எழுதக் கூப்பிடுவார்கள்; சம்பளம் போட்டுவிட்ட வாரமாக இருந்தால் தவறாமல் போய்விடுவேன். ஏலக்காய்க் கணக்கையும் கூடைப்பந்துக் கணக்கையும் சேர்ந்தே எழுதுகிறவள் என்பதால் எனக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. நம்மிடம் நல்ல ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள், நல்ல போட்டிகள் இருக்கின்றன, ராத்திரி பதினொரு மணி வரை எழுந்து போகாத ரசிகர்களும் இருக்கிறார்கள். இல்லாதது சீசன். ஒரு அணி மாதக்கணக்கில், வாரம் தவறாமல் ஆடும் ஆட்டங்களின் வரிசை நம்மிடம் இல்லை.

வங்கியில் வேலை, கோர்ட்டில் பெயர்

கூடைப்பந்தை வைத்தே பிழைக்கிற ஆட்டக்காரர் என்றால் நம் ஊரில் யார்? பெரும்பாலும் ஒரு வங்கி ஊழியர், ரயில்வே ஊழியர், போலீஸ்காரர் அல்லது ராணுவ வீரர். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு எடுக்கிறார்கள். காலையில் பயிற்சி, பகலில் அலுவலகம், மாலையில் மறுபடி பயிற்சி. போட்டிக்குப் போகும் நாட்கள் பணி நாட்களாகவே கணக்காகும். ஆட்ட வயது முடிந்த பிறகும் நாற்காலி இருக்கும், பதவி உயர்வு இருக்கும், ஓய்வூதியப் பலன் இருக்கும். வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒப்பந்தத்தை நம்பி வாழ்கிறார். நம்மவர் நியமன ஆணையை நம்பி வாழ்கிறார். தமிழ்நாடு அரசு வேலைகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஏழை வீட்டுப் பிள்ளை ஒன்று பந்தைக் கையில் எடுக்க வீட்டில் சம்மதிப்பதற்கு முக்கியமான காரணம் இதுதான். இதை யாரும் குறைவாகப் பேசக் கூடாது.

இந்த அணிகளின் ஆண்டு எப்படிப் போகிறது? தேசிய சாம்பியன்ஷிப் ஒன்று. அதற்கு மாநிலத்தின் பெயரிலோ, ரயில்வே, சர்வீசஸ் பெயரிலோ ஆட வேண்டும். ஃபெடரேஷன் கோப்பை ஒன்று. அவரவர் துறைக்குள் நடக்கும் போட்டிகள் சில. பிறகு அழைப்புப் போட்டிகள். தமிழ்நாட்டில் அதற்குக் கோடைக்காலம்தான் காலம். பெரியகுளம், கரூரில் எல்.ஆர்.ஜி. நாயுடு நினைவுக் கோப்பை, கோவையில் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை. ஒன்று முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். ஊர்ப் பெரியவர்கள், மில் முதலாளிகள், பழைய ஆட்டக்காரர்கள் எல்லாம் கைக்காசு போட்டுப் பல ஆண்டுகளாகக் காப்பாற்றி வந்த சுற்று இது. தங்க இடம், சாப்பாடு, நடுவர், விளக்கு, தண்ணீர் என்று அத்தனையும் ஊரே பார்த்துக்கொள்கிறது.

விளைச்சல் இல்லாமலும் போகவில்லை. 2022 ஏப்ரலில் சென்னையில் நடந்த 71வது தேசிய சீனியர் சாம்பியன்ஷிப்பில் தமிழ்நாடு ஆண்கள் அணி இறுதி ஆட்டத்தில் பஞ்சாபை வென்றது. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை இந்தியப் பெண்கள் அணியின் கேப்டனாக இருந்து 2021இல் பத்மஸ்ரீ வாங்கினார். அவரும் தெற்கு ரயில்வே ஊழியர்தான். 2014 ஜூலையில், சீனாவின் வூகான் நகரில், ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்திய ஆண்கள் அணி சீனாவை 65-58 என்று வீழ்த்தியது. வலுவான லீக் உள்ள நாட்டை, லீக்கே இல்லாத நாடு, அவர்கள் மண்ணிலேயே தோற்கடித்த நாள் அது.

சிவப்பு மையும் நீல மையும்

கூடைப்பந்து தெரியாதவர்களை நான் முதலில் ஸ்கோர் ஷீட் அருகில் உட்கார வைப்பேன். ஆட்டத்தின் எலும்புக்கூடு அதில் அப்படியே தெரியும். பத்து நிமிடம் வீதம் நான்கு பகுதிகள். முதல் பகுதியையும் மூன்றாம் பகுதியையும் சிவப்பு மையில் எழுத வேண்டும். இரண்டையும் நான்கையும் நீலத்திலோ கறுப்பிலோ எழுத வேண்டும். வலப்பக்கம் ஒன்று முதல் வரிசையாக எண்கள் அச்சிட்டிருக்கும். இரண்டு புள்ளிக் கூடை விழுந்தால் அந்த எண்ணின் மேல் ஒரு சாய்கோடு, பக்கத்தில் போட்டவரின் சட்டை எண். மூன்று புள்ளி என்றால் சட்டை எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். ஃப்ரீ த்ரோ விழுந்தால் எண்ணின் மேல் கறுத்த பொட்டு. இடப்பக்கம் ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஐந்து கட்டங்கள், ஃபவுல் எழுதுவதற்கு. ஐந்தாவது கட்டமும் நிறைந்தால் அவர் வெளியே.

மேசையில் என் பக்கத்தில் நேரம் பார்க்கிறவர், அவருக்கு அடுத்து 24 விநாடிக் கடிகாரத்தைப் பார்க்கிறவர். பந்து கைக்கு வந்த 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். எட்டு விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டியாக வேண்டும். கோர்ட்டின் நீளம் 28 மீட்டர், அகலம் 15 மீட்டர். ரிங் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பீச் பழக் கூடையை மாடியின் கைப்பிடியில் அடித்து மாட்டிய உயரம் பத்தடி. அந்தப் பத்தடி இன்றைக்கும் மாறவில்லை. ஒய்.எம்.சி.ஏ. வழியாக இந்தியாவுக்கு வந்து, 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரி வழியாகப் பள்ளிக்கூட வாத்தியார்களின் கையில் பரவிய ஆட்டம். தமிழ்நாட்டில் சின்ன ஊர்களில்கூட ஒரு சிமென்ட் கோர்ட்டைப் பார்க்கிறோம் என்றால் அந்த வாத்தியார்களின் உழைப்பு அதன் பின்னால் இருக்கிறது.

நான்காம் பகுதியின் கடைசி மூன்று நிமிடங்களில் இந்தத் தாள் பேச ஆரம்பிக்கும். பெரியகுளத்தில் ஒரு ராத்திரி கேலரியில் உட்கார்ந்து ஒரு வங்கி அணியும் ஒரு படை அணியும் மோதியதைப் பார்த்தேன். படை அணிக்கு அந்தப் பகுதியில் நான்கு டீம் ஃபவுல் ஆகிவிட்டது. ஐந்தாவதிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. வங்கி அணியின் பாயின்ட் கார்டு, உயரத்தில் அந்தக் கோர்ட்டிலேயே குட்டையானவர், த்ரீ பாயின்ட் பக்கமே போகவில்லை. ஒவ்வொரு முறையும் பந்தை டிரிபிள் செய்து நேராக ரிங்குக்கடியில் நின்ற மலை மாதிரி ஆட்களுக்கு நடுவே நுழைந்தார். கைபட்டால் ஃபவுல், படாவிட்டால் லே-அப். எதிரணியின் சென்டருக்கு ஏற்கெனவே நான்கு ஃபவுல் என்பதை அவர் மனதில் எழுதி வைத்திருந்தார். மூன்றாவது முறை நுழைந்தபோது சென்டரின் கை அவர் மணிக்கட்டில் பட்டது. விசில். சென்டர் வெளியே போனார். அதற்குப் பிறகு ரீபவுண்ட் எல்லாம் வங்கி அணிக்குத்தான். ஜெயித்த அணியில் அதிகப் புள்ளி போட்டவர் வேறொருவர். ஆட்டத்தைத் திருப்பியவர் இவர்.

இந்தப் புத்தி ஒரே நாளில் வராது. நூறு ஆட்டங்களின் கடைசி மூன்று நிமிடங்களில் நின்று பார்த்தவனுக்கு வரும். அந்த நூறு ஆட்டங்களை நாம் எங்கே கொடுக்கிறோம்?

ஒரு நாள் தோல்வி

அமெரிக்காவின் என்.பி.ஏ.வில் 30 அணிகள் இருக்கின்றன. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஒவ்வொரு அணியும் 82 ஆட்டம் ஆடுகிறது. ஒரு நாள் கை ஓடவில்லையா, மீதி 81 நாள் இருக்கிறது. புதுப் பையன் ஒருவனை நவம்பரில் ஐந்து நிமிடம் இறக்கி, ஜனவரியில் பதினைந்து நிமிடம் இறக்கி, மார்ச்சில் முழு ஆட்டத்தையும் அவன் கையில் கொடுக்கலாம். பயிற்சியாளருக்கு இடைவேளை உண்டு, திருத்த நேரம் உண்டு. தோல்வி அங்கே பாடமாகிறது. நாக் அவுட்டில் தோல்வி என்றால் ஊருக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதுதான்.

நம் அழைப்புப் போட்டி ஒரு வாரத்தில் முடிந்துவிடும். முதலில் லீக், பிறகு நாக் அவுட். நல்ல அணிக்கு ஐந்தாறு ஆட்டம் கிடைக்கும். அதுவும் அடுத்தடுத்த ராத்திரிகளில். மூன்றாம் நாளில் கணுக்காலுக்கு டேப் சுற்றாதவர் பெஞ்சில் இருக்க மாட்டார். பிளாஸ்டிக் பையில் ஐஸ் கட்டி முட்டியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த அவசரத்தில் எந்தப் பயிற்சியாளரும் புதுப் பையனை இறக்கிப் பார்க்கத் துணிய மாட்டார். அனுபவம் உள்ளவர்களுக்கே அனுபவம் சேரும். பெஞ்சில் இருப்பவன் பெஞ்சிலேயே இருப்பான்.

எங்கள் மலையில் ஏலச்செடி ஒரே தடவையில் காய்த்துக் கொட்டிவிடாது. ஆடி, ஆவணியில் ஆரம்பித்தால் தை, மாசி வரை, முப்பது நாற்பது நாளைக்கு ஒரு சுற்று, முற்றிய காயை மட்டும் பார்த்துப் பார்த்து எடுத்துக்கொண்டே வர வேண்டும். ஒரு சுற்றில் காய் குறைந்தால் தோட்டத்தை யாரும் அழித்துவிட மாட்டார்கள். உரம் வைப்பார்கள், தண்ணீர் காட்டுவார்கள், அடுத்த சுற்றைப் பார்ப்பார்கள். அணியையும் அப்படித்தான் வளர்க்க முடியும்.

தொழில்முறை லீக் நம் நாட்டில் முயலப்படாமலும் இல்லை. 2015இல் யு.பி.ஏ. என்ற லீக் தொடங்கியது; அதில் சென்னை ஸ்லாம் என்று நம் அணி ஒன்று இருந்தது. நான்கு சீசனோடு அது நின்றுபோனது. 2022 அக்டோபரில் இந்தியக் கூடைப்பந்து சம்மேளனத்தின் ஆதரவோடு ஐ.என்.பி.எல். வந்தது. சென்னை ஹீட், கொச்சி டைகர்ஸ், பெங்களூரு கிங்ஸ் என்று ஆறு நகர அணிகள். முதல் சுற்று கொச்சியில். போடியிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டு, மூணாறு வழியாகப் போகிற எங்கள் சாலை போய்ச் சேரும் அதே கொச்சி. முதல் பட்டத்தைச் சென்னை ஹீட் வென்றது. டெப்போவில் காய் பிரிக்கும் பெண்களிடம் நான் அதைச் சொன்னபோது, "சென்னை டீமுன்னா கிரிக்கெட்டுல இருக்கிறதுதானே அக்கா?" என்று கேட்டார்கள். கேட்டதில் தப்பே இல்லை. ஆறு அணிகளும் ஒரே ஊரில் கூடி, சில நாளில் ஒரு சுற்றை ஆடி முடித்துவிட்டுக் கலைந்தன. சென்னை அணி சென்னையில் வாராவாரம் ஆடினால்தான் அது சென்னைக்காரர்களின் அணி ஆகும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் பாஸ்கட்பால் என்று பழக்கம் விழ வேண்டும். பழக்கம் விழாத இடத்தில் டிக்கெட் விற்காது. டிக்கெட் விற்காத லீக் நிற்காது.

மலைக்குப் போகும் ஜீப்புகள்

சென்னையையும் மும்பையையும் பற்றிப் பேசுகிற உரிமை எனக்கு இருக்கிறதோ இல்லையோ, போடியைப் பற்றிப் பேசுகிற உரிமை இருக்கிறது.

சீசன் நாட்களில் விடியும் முன்பே போடியிலிருந்து ஜீப்புகள் கிளம்பிவிடும். தூக்குச்சட்டியில் சோறும், தலையில் கட்டத் துண்டுமாகப் பெண்கள் ஏறிக்கொள்வார்கள். மெட்டைத் தாண்டி இடுக்கி மாவட்டத்துத் தோட்டங்களில் காய் எடுத்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு வீடு திரும்புவார்கள். அந்த மாதங்களில் வீட்டில் சமையலும் தம்பி தங்கையும் பெரிய பெண்ணின் பொறுப்பு. மாலைப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் ஆகஸ்டிலிருந்து ஒவ்வொருவராகக் குறைவதை நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். திறமை குறைந்து போகவில்லை, நேரம் பறிபோகிறது.

இதே மாதங்களில்தான் பள்ளிக் கல்வித் துறையின் போட்டிகளும் வருகின்றன. குறுவட்டம், அதில் ஜெயித்தால் வருவாய் மாவட்டம், அதிலும் ஜெயித்தால் மாநிலம். தோற்றால் அந்த இடத்திலேயே முடிந்தது. சென்ற முறை நான் பயிற்சிக்கு உதவிய பெண்கள் அணி, குறுவட்டத்தில் முதல் ஆட்டத்திலேயே இரண்டு புள்ளியில் தோற்றது. கடைசி நிமிடத்தில் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் தவறவிட்ட பெண்ணின் அம்மா மலை வேலைக்குப் போகிறவர். அந்தப் பெண் அழவில்லை. ஷூ லேசை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள்:

"அக்கா, அடுத்த மேட்ச் எப்ப?"

"அடுத்த வருஷம்தான்மா."

எனக்கு வேறு பதில் இல்லை. அவள் கேட்டதுதான் சரியான கேள்வி. தவறவிட்ட அந்த இரண்டு எறிதலையும் அடுத்த சனிக்கிழமை எதிரணியின் முன்னால் நின்று போட்டுக் காட்ட ஒரு ஆட்டம் அவளுக்கு வேண்டும். பயிற்சியில் ஐம்பது ஃப்ரீ த்ரோ போடுவது வேறு. ஸ்கோர் சமமாக இருக்கும்போது, நெஞ்சு படபடக்க, கோட்டில் தனியாக நின்று ஒன்று போடுவது வேறு.

ஒரு மாவட்ட லீக்

ஆகவே என் யோசனையைக் கணக்காகவே வைக்கிறேன். போடி, தேனி, பெரியகுளம், சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம். ஆறு ஊர், ஆறு அணி. ஒவ்வொரு அணியும் மற்ற ஐந்து அணிகளோடு ஒரு முறை தன் ஊரிலும் ஒரு முறை அவர்கள் ஊரிலும் ஆட வேண்டும். ஓர் அணிக்குப் பத்து ஆட்டம், மொத்தம் முப்பது. வாரக் கடைசியில் மூன்று ஆட்டம் வீதம் வைத்தால் பத்து வாரத்தில் முடிந்துவிடும். ஏப்ரல் நடுவில் தேர்வு முடிந்ததும் தொடங்கினால் ஜூன் கடைசிக்குள் பட்டம் யாருக்கு என்று தெரிந்துவிடும். மலையில் காய் எடுப்பு அதற்குப் பிறகுதான் சூடு பிடிக்கும். பெண்கள் அணிகளுக்கும் இதே அட்டவணை, அதே நாள், அதே கோர்ட். ஆண்கள் ஆட்டத்துக்கு முன்பாக.

பெரியகுளம் போட்டி நடக்கும் மே வாரத்தில் மட்டும் நம் லீக்குக்கு விடுமுறை. ஆறு அணிப் பிள்ளைகளும் அங்கே கேலரியில் இருக்க வேண்டும். தாங்கள் வாரக் கடைசியில் செய்து பார்த்ததைத் தேர்ந்த கைகள் எப்படிச் செய்கின்றன என்று அப்போதுதான் கண்ணுக்குப் பிடிபடும். ஆடாத பிள்ளைக்கு அது வேடிக்கை. ஆடுகிற பிள்ளைக்கு அது வகுப்பு.

சிரமங்கள் எனக்குத் தெரியும். ஜூன் பிறந்தால் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் மழை கொட்டும். மலை மறைவில் இருக்கும் போடிக்கு வருவது காற்றும் சாரலும். 6.75 மீட்டரிலிருந்து எறிந்த த்ரீ பாயின்டரை அந்தக் காற்று ஒரு முழம் தள்ளிவிடும். சாரல் விழுந்த சிமென்டில் கால் வழுக்கும். அதனால் ஜூன் ஆட்டங்களைக் காற்று எழும் மாலை நேரத்தில் வைக்காமல் காலையில் வைக்க வேண்டும். துடைக்கத் துணியும் ஆளும் தயாராக இருக்க வேண்டும். நடுவர்களுக்கும் மேசை ஆட்களுக்கும் போக்குவரத்துச் செலவு கொடுக்க வேண்டும். ஓர் அணி பக்கத்து ஊருக்குப் போய்வர ஒரு வேன், நல்ல பந்து இரண்டு, குடிதண்ணீர், முதலுதவிப் பெட்டி, ஐஸ். ஊருக்கு ஒரு வணிகர் சங்கமும் நான்கு பழைய ஆட்டக்காரர்களும் மனம் வைத்தால் தாங்கக்கூடிய செலவு. ஏலக்காய் விலை ஏறிய வருஷத்தில் கோயிலுக்கு மண்டபம் கட்டிக் கொடுக்கும் கைகள் இந்த மாவட்டத்தில் உண்டு. அதே கைகள் ஒரு கோர்ட்டுக்கு விளக்குப் போட்டுத் தரும் என்று நம்புகிறேன்.

வழியும் முன்னைவிடத் திறந்திருக்கிறது. அகலப்பாதைப் பணிக்காகப் பல ஆண்டுகள் நின்றுபோன ரயில் 2023 ஜூனில் போடிக்குத் திரும்பி வந்தது. வாரத்தில் மூன்று நாள் சென்னைக்கு நேராகப் போகிறது. அணித் தேர்வுக்கும், வேலைத் தேர்வுக்கும், விளையாட்டு விடுதித் தேர்வுக்கும் இங்கிருந்தே பிள்ளைகளை ஏற்றிவிடலாம். ஆனால் அங்கே போய் நிற்கும்போது, "இதுவரை எத்தனை ஆட்டம் ஆடியிருக்கிறாய்?" என்று கேட்டால், எங்கள் பிள்ளை சொல்வதற்கு ஒரு எண் வேண்டும். மூன்று வருஷம் இந்த லீக்கில் ஆடிய பெண்ணுக்கு முப்பது ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட் இருக்கும். எத்தனை ஃப்ரீ த்ரோ எறிந்தாள், எத்தனை விழுந்தது, எந்தப் பகுதியில் ஃபவுல் வாங்குகிறாள் என்று எல்லாமே அதில் எழுத்தில் இருக்கும். தேர்வாளருக்கும் அது பயன்படும். தன்னைத் திருத்திக்கொள்ள அவளுக்கே அதைவிட அதிகமாகப் பயன்படும்.

பெரிய நகரங்களின் தொழில்முறை லீக் நிலைக்க வேண்டும் என்று நானும் ஆசைப்படுகிறேன். அது நிலைக்க வேண்டுமானால் கீழே மாவட்டந்தோறும் வாராவாரம் ஆடிப் பழகிய ஆட்டக்காரர்களும், வாராவாரம் பார்த்துப் பழகிய ரசிகர்களும் வேண்டும். பெரியகுளத்துக்காரர்கள் அறுபது வருஷத்துக்கு மேலாக ஒரு வாரத்தை நமக்காகக் காப்பாற்றித் தந்துவிட்டார்கள். மீதிப் பத்து வாரத்தை ஏற்பாடு செய்வது நம் தலைமுறையின் வேலை. ஸ்கோர் ஷீட் எழுத நான் தயார். மாவட்டத்தில் விசில் ஊதத் தெரிந்தவர்களும், வேன் வைத்திருப்பவர்களும், கோர்ட்டுக்குச் சாவி வைத்திருப்பவர்களும் முன்வந்தால் வருகிற ஏப்ரலிலேயே தொடங்கிவிடலாம்.